பதினான்காம் வளைவு

ஏற்காட்டில் பெட்ரோல் தீர்ந்தது,
சண்டை தீரவில்லை.

"வெற்றிடத்துல ஏதுடா சத்தம்?
உன் படத்துல கப்பல் வெடிச்சா
அஞ்சு ரோடு வரைக்கும் அதிருது."
இது சகாயமேரி. ஆறு சீசனையும்
இரண்டு முறை பார்த்தவள்.

"உன் தொடர்ல எந்நேரமும்
மேசையைச் சுத்தி உக்காந்து மீட்டிங்.
கலெக்டர் ஆபீஸுக்கு எதுக்கு ராக்கெட்டு?"
இது நான்.

நியூட்ரலில் இறங்கினோம்.
இன்ஜின் இல்லை. சைலன்சர் சூடு மட்டும் காலில்.
மூடுபனி வளைவுகளை
ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே வந்தது.
சத்தமில்லாமல் போவதுதான் பயம்,
ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.
சொல்லவில்லை.

பதினான்காம் வளைவில் பனி கிழிந்து
கீழே சேலம் முழுக்க விளக்கு.

என் தோளுக்குப் பின்னாலிருந்து
அவள்தான், வாயாலேயே,
"உய்ய்ய்ங்... டமார்!"