ஆய்வு நாள்

விண்ணப்பம் இரண்டு, மனுதாரர் ஒருவர்.
ஒன்று, பதினான்கு கருவேல மரம் வெட்ட.
மற்றது, மரம் நின்ற இடத்தில்
தறிக்கூடத்துப் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட.
இணைப்பு: சிட்டா, வரைபடம்,
பங்குனியில் எடுத்த நிழற்படம் மூன்று.
படத்தில் வெடித்த மண், ஒரு வெள்ளாடு,
ஓரத்தில் பாதி சென்னியப்பன்.

நான் போனது ஐப்பசி இருபத்து மூன்று.
நொய்யலில் வந்தது வாய்க்காலில் திரும்பிப்
பதினோரு வருடம் கழித்துக்
குளத்துக்குள் நுழைந்து நாலு நாள்.
யாருக்கும் அது நோட்டீஸ் கொடுக்கவில்லை.

"இது நாலு நாளைக்குத்தானுங் மேடம்,
கார்த்திகைக்குள்ள வடிஞ்சு போயிருமுங்."
வேட்டியை மடித்துக் கட்டி
எனக்கு முன்னால் அவர்தான் இறங்கினார்.
கெட்ட மனிதரில்லை.
பதினெட்டுத் தறி. ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் ஒன்பது பேர்.
விடியுமுன் அவர்கள் போவது
இந்த மரங்களின் மறைவுக்குத்தான்.
நாலு நாளாக எங்கே போகிறார்கள் என்று
நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

மாகாளி பெயிண்ட் டப்பாவோடு
மரத்துக்கு மரம் எண் போட்டார்.
ஆறு வரைக்கும் கரை.
ஏழு கணுக்கால். பத்து இடுப்பு.
பதின்மூன்றில் பட்டை ஊறிச் சிவப்பு பிடிக்கவில்லை;
மூன்று மட்டும் நின்றது,
ஒன்று வழிந்து
தண்ணீரில் நூலாகப் போயிற்று.
ஒரு நாமக்கோழி அதைக் குறுக்கே கிழித்துக்கொண்டு
தன் பாட்டில் போனது.
பதினான்காம் மரத்தைக்
கரையிலிருந்தே கைகாட்டிக் குறித்துக்கொண்டோம்.

எல்லைக்கல்லைக் காணோம்.
நாடா முடிந்த இடத்தில் துழாவி நடந்தேன்,
என் சுண்டுவிரல்தான் கண்டுபிடித்தது.
குனிந்து தடவினேன்.
தலையில் கொத்திய அம்புக்குறி
கைக்குத் தெரிந்தது.
இந்தப் பக்கம் அவர் பட்டா.
அந்தப் பக்கம் நீர்நிலைப் புறம்போக்கு.
இரண்டு பக்கமும்
ஒரே ஆழம்.

டீக்கடையில் வைத்துச் சொன்னார்,
தம்ளரைப் பார்த்துக்கொண்டே:
"தேதிய மட்டும் பங்குனின்னு போட்டுருங்.
படத்துக்கும் ஒத்து வருமுங்.
பொய்யில்லீங்களே,
அன்னிக்குக் காஞ்சுதானுங் கெடந்துச்சு."

பொய்யில்லை. அதுதான் சங்கடம்.
பங்குனியில் வந்திருந்தால் நானும்
தரிசு என்றுதான் எழுதியிருப்பேன்,
மனசாரக் கையெழுத்தும் போட்டிருப்பேன்.
போட்டிருக்கிறேன்.
போன சித்திரையில், வடகரையில், மூன்று கோப்பு:
ஒரு குடோன், ஒரு வீடு, ஒரு எடைமேடை.
திரும்பும்போது பஸ் ஜன்னலில் பார்த்தேன்.
எடைமேடை மேல் குளம் ஏறி நின்றது.
எவ்வளவு காட்டியதோ.

படிவத்தில் அந்தக் கட்டம் விரற்கடை அகலம்.
நவம்பர் ஒன்பது என்று எழுதினேன்.
கீழே கேட்காத ஒரு வரியும் சேர்த்தேன்:
'கழிப்பறைக்குத் தறிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிய
மேட்டு நிலம் பொருந்தும்.'
அங்கே அவர் கார் நிற்கிறது.

பத்தாம் நாள் கோப்பு திரும்பி வந்துவிட்டது.
பச்சை மையில்:
'நிழற்படமும் ஆய்வு நாளும் முரண்படுகின்றன.
எது சரி? மூன்று தினங்களுக்குள் விளக்கம் தேவை.'
அன்று உடுத்திய சேலையில்
முழங்காலுக்குக் கீழே ஒரு நீலக் கோடு,
எந்தச் சாயப்பட்டறையினதோ,
மூன்று துவைப்புக்கும் போகவில்லை.

இரண்டும் என்று எழுத
இடமுண்டா என
விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
மாகாளி போனில் கூப்பிடுகிறார்:
"ஏழாம் நம்பர் மரம்
கரையேறிருச்சுங்."