மின்விசிறியை நிறுத்தும் முன்

ஜமாலியாவில், மூன்றாவது மாடியில்,
பிரிசில்லாவின் படுக்கையறைதான் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம்.
ஜன்னலுக்கு இரண்டு போர்வை.
கதவிடுக்கில் பழைய நைட்டி.
மைக்குக்கு அடியில் நாலாய் மடித்த துவாலை.
மின்விசிறி ஓடும்வரை திட்டமிடலாம்,
நிறுத்தினால் பேசியாக வேண்டும்.
ஓடவிட்டுப் பேசினால்
பதிவில் ஆள் யாரும் இருக்கமாட்டார்கள், காற்றுதான் இருக்கும்.

டிசம்பரில் தொடங்கி ஜூன் வரை
மாதம் ஒரு தலைப்பு.
நோட்டு என்னிடம்.
வீடுவீடாய் மின் அளவு குறிக்கிற கை,
எழுத்து கோணாது என்கிறார்கள்.

‘கதையில் மழை’ என்றார் சத்தியசீலன்.
டிசம்பர்ல அதைக் கேக்க யாருக்கு நெஞ்சு இருக்கும்
என்றாள் வேதநாயகி.
ஃப்ரிட்ஜ் மிதந்த வீடு அவளுடையது.
மழையை ஏப்ரலுக்குத் தள்ளினேன்.

‘முதல் வரி.’
மூன்று பேர் கைதூக்கினார்கள்.
‘கடைசி வரி’க்கு ஒருவரும் இல்லை.
எல்லோரும் போர்வையைப் பார்த்தார்கள்,
அதில் ஏதோ மயில் படம்.

‘சாப்பாடு’ என்றான் இத்ரீஸ்.
உங்க கதைல யாருமே சாப்பிடறதில்ல, கவனிச்சீங்களா?
காதலிக்கிறாங்க, கொலை பண்றாங்க,
சைதாப்பேட்டைலேர்ந்து பாரிமுனை வரைக்கும்
யோசிச்சுக்கிட்டே நடக்கறாங்க.
பசிக்காதா அவங்களுக்கு?
சொல்லிவிட்டு, வாங்கிவந்த சமோசாவை
என் நோட்டின்மேல் வைத்தான்.
எண்ணெய் ஊறி மே மாதம் கண்ணாடியானது,
அதன் வழியே ஜூன் தெரிந்தது,
காலியாக.

ஜூனுக்கு பிரிசில்லா சொன்னாள்:
‘பாதியில் விட்ட ஆட்கள்.’
யாரும் கேட்காமலே அவளே தொடர்ந்தாள்.
எட்டு வருஷம் முன்னாடி ஒருத்திய
பேசின்பிரிட்ஜ் நடைமேடைல நிக்கவெச்சேன்.
இடுப்புல கைக்குழந்தை. ரயில் வரணும்.
எனக்கு அப்பதான் ஷிப்ட் மாத்துனாங்க.
எழுதல.
இன்னும் நிக்கறா.
குழந்தைக்கு எட்டு வயசு ஆகியிருக்கும்,
இறக்கிவிடக்கூட நான் எழுதல.

விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
சத்தியசீலன் மெல்லச் சொன்னார்,
லிஃப்டில் நிறுத்திவைத்த ஒரு வட்டிக்காரரைப் பற்றி,
நாலாவது மாடிக்கும் ஐந்துக்கும் நடுவே.
வேதநாயகியிடம் பூட்டிய கழிவறையில் ஒரு புதுமணப்பெண்.
இத்ரீஸிடம் முடிவெட்டிக்கொண்டிருக்கும் ஒருவன்,
ஒருபக்கம் மட்டும்.
சிரித்தோம். பிறகு நின்றுவிட்டது.
என்னிடமும் ஓர் ஆள் உண்டு,
ஒரு வீட்டு அழைப்புமணியில் விரல் வைத்தபடி.
நான் சொல்லவில்லை.

இதத்தான் பதியணும், இப்பவே, ஜூன் வரைக்கும் எதுக்கு,
என்று எழுந்து சுவிட்சை அணைத்தார் சத்தியசீலன்.
இறக்கைகள் மூன்றாகப் பிரிந்து நின்றன.
சிவப்புப் புள்ளி எரிந்தது.
வணக்கம் நேயர்களே.
பிரிசில்லா தொண்டையைச் செருமிக்கொண்டு
‘கதைமாந்தர்களின் முழுமையின்மை குறித்து’ என்று ஆரம்பித்தாள்.
நடைமேடைப் பெண் ‘பாத்திரம்’ ஆனாள்.
கைக்குழந்தை ‘குறியீடு’ ஆனது.
வேர்வை அவள் காதோரம் இறங்கியதை
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வட்டிக்காரர் லிஃப்டை விட்டு வரவேயில்லை.

பதினோராம் நிமிடத்தில்
தண்டவாளப் பக்கமிருந்து நீளமாய் ஒரு ஹாரன்,
இரண்டு போர்வையையும் நைட்டியையும் தாண்டி வந்தது.
சத்தியசீலன் கையைத் தூக்கினார்.
வெட்டிடலாம், எடிட்டிங்கில்.
எடிட்டிங் என் வேலை.

நேற்று இரவு அந்த இடத்தை
பத்துமுறை கேட்டிருப்பேன்.
ஹாரனுக்கு முன்னால், கொஞ்சம் முன்னால்,
பிரிசில்லா ஒரு வார்த்தையில் தடுக்கி நிற்கிறாள்.
வெட்டவில்லை.
அவளுக்கு மட்டும் அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாள்.
அது எங்க போற வண்டி?
எனக்கென்ன தெரியும்.
கும்மிடிப்பூண்டி, என்றேன் ஏதோ ஒன்றை.
மறுமுனையில் மின்விசிறிச் சத்தம்.

அவ அங்க போகமாட்டாளே,
என்றாள்.