நாற்பத்தேழாம் வரிசை

பன்னிரண்டு மணிக்குத்தான் பெண்பூ திறக்கும்.
பாவாயி அதற்கு முன்பே தூக்குவாளியைத் திறந்துவிடுவாள்.
"நாம தின்னுட்டு அதுக்குக் கல்யாணம் பண்ணலாங்க மேடம்."

ஆத்தூருக்கு மேற்கே, சுண்ணாம்பு துருத்தும் செம்மண்.
கிணற்று மோட்டார்
பாதி நேரம் காற்றைத்தான் ஏற்றுகிறது.
இங்கே வெளுக்காத, தேமல் விழாத,
ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே
நான்கு மாதம் வாய்திறந்து எதுவும் கேட்காத
ஒரு குச்சிக்கிழங்கு வேண்டும்.
படிவத்தில் இதை எழுத ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.

எட்டாம் வரிசையின் ஆண்பூவைக் கிள்ளி
இருபதாம் வரிசையின் பெண்பூவில் தொட்டு
மல்துணிப் பை கட்டினோம்.
சீட்டில் பென்சிலால் எழுதினேன்.
மழையில் மை கரையும்.
மழை வருமென்று நம்பியதற்கு
அந்தப் பென்சில் ஒன்றுதான் சாட்சி.

முற்றிய காய்கள் பைக்குள்ளேயே வெடித்தன.
ஒரு காய்க்கு மூன்று விதை.
ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே மதியம்.
முளைத்ததும் ஒன்றையொன்று
தெரியாத மாதிரி நின்றன.

அறுநூறு செடி.
முந்நூறை வெள்ளை ஈ எடுத்துக்கொண்டது.
இருநூறைச் சித்திரை.
மீதியை நான் தேர்ந்தெடுத்ததாக அறிக்கையில் எழுதினேன்.

ஏழாம் வருஷம்
நாற்பத்தேழாம் வரிசை மட்டும்
வறட்சி வந்ததையே கவனிக்காதது போல நின்றது.
கிழங்கைக் காற்றில் நிறுத்தேன், தண்ணீரில் நிறுத்தேன்.
மாவு முப்பத்தொரு சதம்.
தராசைச் சந்தேகப்பட்டு மறுபடி நிறுத்தேன்.
மனசுக்குள் ஒரு பெயரும் வைத்தேன்.
அதைச் சொல்லமாட்டேன்.

அரை டன் ஜவ்வரிசி மில்லுக்குப் போனது.
தோல் சீவும் கொட்டகையில் முப்பது பெண்கள்,
மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி.
அரை மணி நேரத்தில்
சரோசா கத்தியைக் கீழே வைத்தாள்.
"யாரு பெத்தது இத?"
கை தூக்கினேன்.
"மத்த கெழங்கு, கீறி இழுத்தா
சட்டை கழட்டற மாதிரி வரும்.
இது கடன்காரனாட்டம் விடவே மாட்டேங்குது.
நாளைக்கும் இதே வந்தா
நாங்க வரமாட்டோங்க."

பதினான்கு கட்டங்கள் என் அட்டவணையில்.
தோலுக்கு ஒன்றும் இல்லை.

கோடையில் இதைக் காப்பாற்றியதே
அந்தத் தோலாக இருக்கலாம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அது உண்மையாயிருந்தால்
நிலைமை இன்னும் மோசம்.

சேலம் பஸ்ஸில்
பெத்தநாயக்கன்பாளையம் வரை நாங்கள் பேசவில்லை.
பிறகு பாவாயி
துண்டைப் பிரித்துக் காட்டினாள்:
முழ நீளத்தில் இரண்டு குச்சி,
பால் இன்னும் காயவில்லை.
"சட்டை கழட்டுதுன்னுச்சே, அந்த ரகம்.
மில்லு வாசல்ல கெடந்துச்சு.
கேட்டுத்தான் எடுத்தேன்."

அது பூக்க ஆறேழு மாதம்.
காய்க்க, விதைக்க, சாகவேண்டியவை சாக
இன்னொரு ஏழு வருஷம்.
எனக்குப் பணி ஓய்வு ஐந்தில்.

மடியில் நோட்டை வைத்து
பதினைந்தாவது கட்டத்துக்குக் கோடு போட்டேன்.
பஸ் குலுக்கியதில் கோணலாக வந்தது.
தலைப்பு: கத்தி.
பென்சிலில்தான்.