கோழித் தீவனத்துக்குக் கீழே

ரசீதில் கோழித் தீவனத்துக்குக் கீழே,
குழாய் வாஷருக்கு மேலே இருக்கிறது.
பெயர்கூட இல்லை; நீளமான ஓர் எண்,
பக்கத்தில் விலை.
மோண்டானாவில் விற்பனை வரி கிடையாது.

விற்றவன் வெண்டல்.
ஆறாம் வகுப்புவரை என் பள்ளிப் பேருந்தில் வந்தவன்,
மூன்றாவது இருக்கையில் இரண்டு முறை வாந்தியெடுத்தவன்.
என் முகத்தையும் உரிமத்திலுள்ள முகத்தையும்
மாறி மாறிப் பார்த்து
நான் நான்தான் என்று உறுதிசெய்துகொண்டான்.
படிவம் கேட்டது:
நீதிக்குத் தப்பி ஓடிக்கொண்டிருப்பவரா நீங்கள்?
இல்லை என்று குறியிட்டேன்.
குறியிட்ட பிறகு கொஞ்சம் யோசித்தேன்.
தொலைபேசியின் மறுமுனையில் யாரோ என்னைத் தேடி
எதிலும் நான் இல்லை என்று சொல்ல
ஏழு நிமிடம் ஆனது.
அதுவரை முட்டை விலை பேசினோம்.

"எதுக்கு, டார்லீன்?" என்றான்.
பாம்புக்கு என்றேன்.
மாலையில் தங்கை போனில் கேட்டாள்.
மலைச்சிங்கம் என்றேன்.
இரண்டும் இங்கே உண்டு. ஆகவே இரண்டும் பொய்யில்லை.

மீன் கழுவப்போகிறவள்போல
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்தேன்.
மாவு நிறுக்கும் தராசு சொன்னது:
இரண்டு பவுண்டு, அதற்கு மேல் ஓர் எலுமிச்சம்பழம்.
வெடிமருந்து நாறும் என்று நினைத்திருந்தேன்.
தையல் இயந்திர எண்ணெய் வாசனைதான்,
புதிதாய்த் திறந்த பெட்டிக்குள்ளிருந்து.

கைக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை.
பெட்ரோல் குழாய், துளைபோடும் மெஷின்,
ரோஜாவுக்கு மருந்தடிக்கும் புட்டி
என்று முப்பது வருடமாய்
இந்தப் பிடியைத்தான் பழகிக்கொண்டிருந்திருக்கிறது
என்னிடம் சொல்லாமல்.

உருளையை வெளியே தள்ளி
கண்ணருகே பிடித்தேன்.
ஆறு துளையில் ஆறு சின்ன வானம்.
ஒன்றில் மட்டும் கோழிக்கூட்டின் மூலை.
சுழற்றினால்
பால்பாயிண்ட் பேனாவை யாரோ
பொறுமையாய்த் தட்டுவதுபோல ஒரு சத்தம்.
மறுபடி சுழற்றினேன்.
பிறகு இன்னும் ஒருமுறை.
நல்லாயிருந்தது.
அது நல்லாயிருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வேலிக் கம்பத்தில் காபி டப்பாவை வைத்தேன்.
ஐந்து தோட்டா குன்றுக்குப் போயிற்று.
ஆறாவது டப்பாவின் காதைக் கிள்ளியது.
மணிக்கட்டு என்னை விட்டு ஒருமுறை எழும்பி
திரும்பி வந்தது.
அப்புறம் காதுக்குள் நீண்ட ரீங்காரம்,
அதற்கு வெளியே புல், காற்று, எதுவுமே கேட்கவில்லை.

டஃபி டிராக்டருக்கு அடியில் போய்விட்டது.
பன்றி இறைச்சித் துண்டை நீட்டிக் கூப்பிட்டேன்.
பதினோரு வருடம் என் முகத்தைப் பார்த்த நாய்
என் கையைப் பார்த்தது.
இருட்டிய பிறகுதான் உள்ளே வந்தது,
வந்தும் கட்டிலுக்கு ஏறவில்லை.

இரும்புப் பெட்டி தனியாக நாற்பது டாலர்.
நான்கு இலக்கம் வேண்டும் என்றது கையேடு.
உங்களுக்கு மட்டுமே தெரிந்ததாய் இருக்கட்டும் என்றது.
பிறந்த நாள் ஊருக்கே தெரியும்,
தேவாலயத்தில் கேக் வெட்டுவார்கள்.
கல்யாண நாள் ராய்க்குத் தெரியும்,
அவன் இப்போது பில்லிங்ஸில் வேறொருத்தியோடு இருந்தாலும்.
பேருந்து எண் நாற்பது குழந்தைகளுக்குத் தெரியும்.
ஐம்பத்து நான்கு வயதில்
எனக்கென்று ஓர் எண்கூட இல்லையா என்று
விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று இருந்தது.
போன மாதம் மூன்று இரவு
கேட்டருகே விளக்கணைத்து நின்ற பிக்கப்.
என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது, யாரும் இறங்கவில்லை.
மூன்றாம் இரவு திரும்பிப் போகையில்
பிரேக் விளக்கின் சிவப்பில் படித்த
கடைசி நான்கு எண்.
அதை ஷெரீஃபிடம் சொல்லவில்லை, தங்கையிடம் சொல்லவில்லை,
எதிலும் எழுதிவைக்கவில்லை.

அதை அழுத்தினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
பிறகுதான் உறைத்தது,
இது அவனுக்கும் தெரியும்.