விரல் இறங்கிய இடம்

ட்வீட்டர் இரண்டையும் காகிதப்பையில் கொண்டுவந்தார் ரோசமெல்.
குலுக்கினால் சத்தம் வந்தது.
இனி அவற்றால் தரமுடிந்த ஒரே சத்தம்.

கெபாசிட்டர் போடவில்லையா என்றேன்.
"எதற்கு? ஒயர் நேராகத்தானே போகிறது."
நேராகப் போனதுதான் தப்பு.
டிரம் முழுவதும், கூடவே இஞ்சின் உறுமலும்
கட்டைவிரல் நகம் அளவுள்ள பட்டுக் குமிழை
ஏறி மிதித்திருக்கிறது.

வெளியே காற்று.
புந்தா அரேனாஸில் அதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.
கடைக் கதவை இரண்டு கையால் பிடித்துத்தான் மூடமுடியும்.
ஜலசந்தியில் கிளம்பி வந்து
அவருடைய பழைய நிசானை நின்ற இடத்திலேயே ஆட்டிக்கொண்டிருந்தது.
நான்கு பேர் ஏறும் ஷேர் டாக்சி. முப்பத்தோரு வருடம் ஒரே தடம்:
துறைமுகம், கல்லறை, ஆஸ்பத்திரி, மறுபடி துறைமுகம்.

"ரேடியோவில் மதியம் வாசிப்பார்களே,
பண்ணைகளில் இருப்பவர்களுக்கு.
இன்னாருக்கு மருந்து பஸ்ஸில் வருகிறது,
இன்னாருக்குப் பேரன் பிறந்திருக்கிறான்.
மருந்து கேட்கிறது, யெர்கா.
யாருக்கு என்பது கேட்பதில்லை."

பெயர்களின் ஓரங்கள் எல்லாம் மேலே இருப்பவை.
இந்த ஊரில் 'ஸ்' வந்தால் பாதியை நாங்களே விழுங்கிவிடுவோம்,
மீதிப் பாதியையாவது ட்வீட்டர் காப்பாற்ற வேண்டும்.

எங்கே வெட்டுவது?
ஐயாயிரத்தில் வெட்டினால் ட்வீட்டர் பத்திரம்,
ஆனால் கதவில் கிடக்கும் ஆறரை அங்குல வூஃபருக்கு
அவ்வளவு உயரம் ஏற மூச்சிரைக்கும்,
முழங்காலிடம் மட்டும் பேசும்.
இரண்டாயிரத்தில் குரல் முகத்துக்கு நேரே வரும்,
ட்வீட்டர் காகிதப்பைக்கே திரும்பும்.
மூவாயிரம்.
நான்கு ஓம்ஸ், பன்னிரண்டு டெசிபல் சரிவு,
காயில் பூஜ்யம் புள்ளி மூன்று, கெபாசிட்டர் ஒன்பது புள்ளி நான்கு.
கடையில் பத்துதான் இருந்தது. பத்தைப் போட்டேன்.

போட்டதும் வாசிப்பவள் குரலின் நடுவில் ஒரு பள்ளம்.
ட்வீட்டர் தள்ளிய காற்றை
வூஃபர் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பிடித்தேன்.
மூடிக்கொண்டது.
இதற்குக் கூலி வாங்க எனக்கு எப்போதும் கூச்சம்.

கடைசியாக, ஏறிக்கொண்டே போகும் ஒற்றை ஒலி.
"கேட்கிறவரை விரலைத் தூக்கி வையுங்கள்."
ஆயிரம். இரண்டாயிரம்.
மூவாயிரத்தில் கதவிலிருந்து கண்ணாடி ஓரத்துக்கு
ஒலி கைமாறியது அவருக்குத் தெரியவில்லை,
தெரியாததுதான் என் வேலை.
நாலாயிரம்.
நாலாயிரத்து இருநூறில் விரல் இறங்கியது.

ஆள் பார்க்க இறக்கிவிட்ட ஜன்னல், முப்பத்தோரு வருடம்.

நான் நிறுத்தவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.
"இன்னும் ஓடுகிறதா?"
"ஓடுகிறது."
"இப்போது?"
"ஏழாயிரம்."
"எப்படி இருக்கிறது?"

கம்பிவேலியில் காற்று மாதிரி என்றேன்.
தப்பு, கம்பிவேலி அவருக்குக் கேட்கும்.
ஊசி என்றேன். அதுவும் இல்லை.
பதினான்காயிரம் தாண்டியதும் எனக்கும் எதுவும் இல்லை,
சொல்லவில்லை.

"கழற்றிவிடட்டுமா? பணம் மிச்சம்."
பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
"அங்கே உட்காருபவர்களுக்குக் கேட்குமா?"
"கேட்கும்."
"இருக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி மழையில்
கல்லறை வாசலில் கைகாட்டி ஏறினேன்.
பின்னால் ஒரு நர்ஸ், ஒரு பள்ளிக்கூடப் பையன்.
அறிவிப்பு நேரம்.
இன்னாருக்கு ஆட்டு மருந்து, வியாழன் பஸ்ஸில்.
"யாருக்கு?" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.
இரண்டு பெயர்கள்.