திரும்பினான்

முதல் குண்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.
வஃப்ராவில் வெள்ளரித் தோட்டம், நள்ளிரவு.
கொட்டகைக் கதவை நெம்பியவன்
கம்பியை ஓங்கிக்கொண்டு பாய்ந்தபோது வெடித்தது அது.
கூரைத் தகரத்தைச் சல்லடையாக்கிவிட்டுப் போனது.
அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது என்றார் வக்கீல்,
விருந்தாளிக்கு நாற்காலி காட்டுவது போல.

துப்பாக்கி முதலாளியுடையது. உரிமத்தில் அவர் பெயர்.
நரிக்கென்று ஆணியில் தொங்கியதை
எடுத்தவன் இருளப்பன், காவலாள், கமுதிப் பக்கம்.

வழக்கு முழுவதும் இரண்டாவது குண்டில் நின்றது.
முதலுக்கும் அதற்கும் நடுவே
பதினோரு தப்படி, ஈரப் பாத்தி,
சேற்றில் கிடந்த கம்பி.

நான் மொழிபெயர்ப்பவன். காயல்பட்டினம்.
காசோலை, சம்பளப் பாக்கி, விவாகரத்து என்று
இருபது வருஷம் ஓடிவிட்டது.
உயிர் போன கணக்கு இதுதான் முதல்.

"பெறகு?" என்றேன்.
"திரும்புனான். சுட்டுட்டேன்."

எழுத்தர் பேனாவோடு காத்திருந்தார்.
இவன் பக்கமாகத் திரும்பினானா,
வந்த வழியே திரும்பினானா?
தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும்.
அரபியில் நான் ஒரு திசையைச் சொல்லியாக வேண்டும்.
ஒரு திசையில் விமான டிக்கெட். மற்றதில்
எத்தனை வருஷமென்று எனக்கே தெரியாது.

தோள்பட்டைக்குக் கீழே, சாய்வாக,
திரும்பிக்கொண்டிருந்த உடம்பு,
அதற்கு மேல் மருத்துவரும் போகவில்லை.
புறப்புண் பட்டவனுக்கே இழுக்கு என்று
பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான்.
இந்தப் புண் சுட்டவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

செத்தவன் பக்கத்துத் தோட்டத்து நசீம்கான்.
ஏழு மாதச் சம்பளம் வரவில்லையாம்.
மோட்டாரின் செம்புக்காக வந்திருக்கிறான்.

நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கேட்டேன்:
"எந்தப் பக்கமாப்பா திரும்புனான்?"

சொல்லிக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான் என்று
தோன்றியது. கொடுக்கவில்லை.

இருளப்பன் தன் விரலையே பார்த்தான்,
இரவல் வாங்கிய சாமானைப் போல.
"வெளியதான் திரும்புனான். கம்பியப் போட்டுட்டான்,
சத்தம் கேட்டுச்சு.
ஆனா என் பயம் இன்னும்
உள்ளாற வந்துக்கிட்டுதானே இருந்துச்சு, ஐயா."

அத்தனையும் சுலபமான சொற்கள்.
ஒவ்வொன்றாக அரபியில் வைத்தேன்.
கடைசி வாக்கியத்தை மறுபடி கேட்டார் நீதிபதி.
மறுபடி சொன்னேன்.

எழுத்தர் கம்பி விழுந்தது வரைக்கும் எழுதிப்
புள்ளி வைத்திருந்தார்.

விலங்கு மாட்டி வெளியே கூட்டிப்போகையில்
இருளப்பன் என்னிடம் கேட்டான்:
"பாத்திக்கு இப்ப யாருய்யா தண்ணி விடுறது?"