நான்கு நீலம்

வாங்கும்போது எண்பத்தொன்பது மாடல் வண்டி.
இப்போதும் எண்பத்தொன்பது மாடல்தான்.
வயர்கள் மட்டும் வருடா வருடம் பிறந்திருக்கின்றன.

டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்,
நெற்றியில் விளக்கு, வாயில் கட்டிங் பிளையர்.
மைனாட்டில் அக்டோபர்.
ராத்திரியில் தண்ணீர்க் குழாய் உறைகிறது.

முதலில் கழன்று வந்தது சி.பி. ரேடியோ.
லாரிக்காரர்களோடு பேச வாங்கினாய், ஓரின்.
பேசியது இரண்டே முறை,
இரண்டும் வழி கேட்டு.

அப்புறம் கேஸ் அலாரம்.
வெங்காயம் வதக்கினால் அலறும்.
மோண்டானாவில் நிஜமாகவே கசிந்த அன்று
நம்மோடு சேர்ந்து தூங்கியது.

கண்புரை விழுந்த ரிவர்ஸ் கேமரா திரை.
கூரையில் ஆன்டெனா, அதைத் திருப்ப ஒரு கைப்பிடி.
சுவரில் டெலிபோனுக்கு ஒரு துளை,
ஓரிடத்தில் நிற்காத வீட்டுக்கு!

புதியதைப் போடும்போது
பழையதை நீ எடுத்ததே இல்லை.
"கிடக்கட்டுமே, சோறா கேட்கிறது?" என்பாய்.
கிடந்தது.
எலி வந்து உறையைக் கடித்தது, கூடு கட்டியது, குட்டி போட்டது.
சோறு கேட்கத்தான் செய்தது, ஓரின்,
நிறுத்தி வைத்த இடத்திலேயே
வாரத்துக்கு ஒரு பேட்டரி.

பிரேக் பெடலுக்குப் பின்னால் நான்கு நீல வயர்கள்.
ஒரே நீலம், ஒரே தடிமன்.
டெஸ்டர் வைத்தால் மூன்று செத்தவை.
ஒன்றில் பன்னிரண்டு வோல்ட்.

ஆறு வருடம் கழித்து உனக்கு போன் செய்தேன்.
(வண்டி எனக்கு, படகு உனக்கு
என்று கையெழுத்துப் போட்ட பிறகு முதல் தடவை.)
"நீல வயர் எங்கே போகிறது?"
"எந்த நீலம்?"
உன் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.
"உயிரோடு இருக்கிறதே, அது."
யோசித்தாய்.
நிஜமாகவே யோசித்தாய்,
அந்த மூக்கு மூச்சு எனக்குத் தெரியும்.
"ஞாபகமில்லை, வெர்லா. வெட்டித்தான் பாரேன்."

இருபத்துநாலு பவுண்டு செம்பு தேறியது.
காயலான் கடை ஹேகன் எடை போட்டுவிட்டு
"எந்த வீட்டை இடித்தீர்கள்?" என்று கேட்டான்.

நீலத்தையும் வெட்டினேன்.
ஒன்றும் அணையவில்லை. ஒன்றும் அலறவில்லை.
மூன்றாம் இரவு
நாயை வெளியே விடக் கதவைத் திறந்து இறங்கியபோது
கால் இருட்டில் விழுந்தது.
கதவைத் திறந்தால் எரிகிற ஒரு விளக்கு
அங்கே இருந்திருக்கிறது,
நகத்தளவு.
எரிந்தவரை நான் பார்த்ததே இல்லை.

முழங்காலில் பிளாஸ்திரியோடு
மறுநாள் மஞ்சள் வயர் இழுத்தேன்.
இரண்டு முனையிலும் டேப் ஒட்டி
பால்பாயின்ட் பேனாவால் எழுதினேன்:
படி.